கதை படித்துப் பிறர் மனம் அறியப் பழகுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒருவருடைய முகத்தையோ, அவர் பாதியில் நிறுத்திய ஒரு சொல்லையோ வைத்து அவர் மனத்தில் ஓடுவதை ஊகிக்கும் திறனுக்குத் தமிழில் ‘குறிப்பறிதல்’ என்ற பழைய பெயர் உண்டு. திருக்குறளில் இதே தலைப்பு இரண்டு அதிகாரங்களுக்கு இருக்கிறது. 71ஆம் அதிகாரம் அரசனிடம் பணியாற்றும் அமைச்சனுக்கு வேண்டிய திறனாக இதைப் பேசுகிறது. 110ஆம் அதிகாரம் காதலர் பார்வையில் வைத்துப் பேசுகிறது. வேலை இடத்திலும் நெருங்கிய உறவிலும் வேண்டியது ஒரே திறன்தான் என்பதை இந்த இரட்டைத் தலைப்பே சொல்லிவிடுகிறது. இன்றைய உளவியல் இதனை ‘மனக் கோட்பாடு’ என்று குறிப்பிடுகிறது. எதிரே இருப்பவருக்கு நம்முடையதல்லாத எண்ணமும் நம்பிக்கையும் விருப்பமும் உண்டு என்று அறிந்து, அவை என்னவாக இருக்கும் என்று கணிப்பதே அதன் பொருள்.

சிறுகதையும் நாவலும் படிப்பவர்களுக்கு இந்தத் திறன் கூடுமா என்ற கேள்வியை உளவியலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறார்கள். கூடலாம், ஆனால் தானாகக் கூடிவிடாது என்பதே இந்த வழிகாட்டியின் நிலைப்பாடு. கதை நமக்கு மனிதர்களைப் பற்றிய அறிவை அள்ளித் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிட மதிப்புள்ள வேறொன்றை அது கற்றுத் தருகிறது: ஒருவரைப் பற்றி நாம் முதலில் செய்த தீர்ப்பு தவறாக இருக்கலாம் என்பதை அவமானமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பழக்கம். கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தப் பழக்கத்தைக் கதைப் பக்கத்திலிருந்து உரையாடலுக்குக் கொண்டுவருவதற்கானவை.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மிகையாக எதிர்பார்த்தவர்கள்தாம் விரைவில் கைவிடுகிறார்கள்.

2006ஆம் ஆண்டு ரேமண்ட் மார், கீத் ஓட்லி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு நுட்பமான முறையைக் கையாண்டார்கள். “நீங்கள் எவ்வளவு படிக்கிறீர்கள்?” என்று கேட்டால் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். ஆகவே உண்மையான எழுத்தாளர் பெயர்களோடு எழுத்தாளர் அல்லாதவர்களின் பெயர்களையும் கலந்து ஒரு பட்டியலாகக் கொடுத்து, எழுத்தாளர் என்று உறுதியாகத் தெரிந்தவர்களை மட்டும் குறிக்கச் சொன்னார்கள். புனைவு எழுத்தாளர்களை அதிகம் அறிந்திருந்தவர்கள் பிறர் மனம் அறியும் திறனை அளந்த சோதனைகளில் சற்று மேலாகச் செய்தார்கள். புனைவல்லாத நூல்களையே அதிகம் அறிந்திருந்தவர்களிடம் அந்தப் போக்கு காணப்படவில்லை. ஆனால் இயல்பாகவே மனிதர்கள் மீது அக்கறை கொண்டவர்கள்தாம் கதையை நாடுகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது. 2009இல் அவர்கள் ஆளுமைப் பண்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு மீண்டும் ஆராய்ந்தபோதும் அந்தத் தொடர்பு முற்றிலும் மறையவில்லை. இருந்தாலும் தொடர்பு வேறு, காரணம் வேறு.

2013இல் டேவிட் கிட், எமானுவேலே கஸ்தானோ என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் ஐந்து சோதனைகளை வெளியிட்டார்கள். இலக்கியத் தரமுள்ள ஒரு புனைவுப் பகுதியைச் சிறிது நேரம் படித்தவுடனேயே, கண்களின் படத்தை மட்டும் பார்த்து உணர்ச்சியைக் கண்டுபிடிக்கும் சோதனையில் மதிப்பெண் கூடியது என்பது அவர்கள் முடிவு. செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் மற்றவர்கள் அதையே செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. 2016இல் வெளிவந்த மறுசோதனையிலும் கிடைக்கவில்லை; ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ ஆகிய இதழ்களில் வெளியான 21 சமூக அறிவியல் சோதனைகளை 2018இல் ஒரு பெரிய குழு திரும்பச் செய்து பார்த்தபோதும் கிடைக்கவில்லை. அந்த 21இல் 13 மட்டுமே மறுபடியும் நிலைத்தன. இது நிலைக்காதவற்றில் ஒன்று.

அதே 2018இல் டேவிட் டோடெல்-ஃபெடர், டயானா தமிர் இருவரும் 14 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். புனைவு படிப்பதால் சமூக அறிதல் திறனில் ஓர் உயர்வு உண்டு, ஆனால் அது சிறியது என்பது அவர்கள் கண்டது. ஆகவே இன்றிரவு ஒரு கதை படித்துவிட்டு நாளைக் காலையில் மனிதர்களைக் கண்ணாடி போல் ஊடுருவிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் படிப்பதும், படிக்கும் விதமும், படித்ததைக் கொண்டு செய்வதும் சேர்ந்துதான் பயன் தர முடியும்.

முதல் படி: உங்களுக்கு எது குறைகிறது என்று கண்டுகொள்ளுங்கள்

‘சமூகத் திறன்’ என்பது ஒரே பொருள் அல்ல. அமெரிக்க உளவியலாளர் மார்க் டேவிஸ் 1980களில் உருவாக்கி இன்றுவரை பயன்பட்டுவரும் வினாத்தாள் ஒத்துணர்வை நான்காகப் பிரிக்கிறது: பிறர் கோணத்தில் நின்று பார்ப்பது, பிறர் துன்பத்தில் பரிவு கொள்வது, கற்பனைப் பாத்திரங்களோடு ஒன்றிப்போவது, பிறர் துன்பத்தைக் கண்டு தானே கலங்கிப்போவது. இந்த நான்கும் ஒருவரிடம் சம அளவில் இருக்க வேண்டியதில்லை. கதை படித்துக் கண்ணீர் விடுபவர் வீட்டில் ஒருவர் அழும்போது அறையை விட்டு வெளியேறுவதும் உண்டு. அவருக்குக் கலக்கம் மிகுதி, கோணம் மாற்றிப் பார்க்கும் பயிற்சி குறைவு.

இப்போது உங்களைத் தொல்லைப்படுத்தும் உறவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நடப்பது என்ன? அவர் சொல்வதைத் தவறாகப் புரிந்துகொள்கிறீர்களா? புரிந்தும் என்ன சொல்வது என்று தெரியவில்லையா? அல்லது அவரைப் பற்றி எப்போதோ முடிவு கட்டிவிட்டதால் புதிதாக எதுவும் காதில் விழவில்லையா? இதில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் கதை நேரடியாக உதவும். இரண்டாவதுக்கு வாய் திறந்து பேசும் பயிற்சிதான் பெரும்பாலும் வேண்டும். உரையாடல் நிறைந்த கதைகள் அதற்குத் துணையாக நிற்கலாம், மாற்றாக நிற்க முடியாது.

இரண்டாம் படி: இடைவெளி உள்ள கதையைத் தேர்ந்தெடுங்கள்

உயர்ந்த இலக்கியம் என்றால்தான் பயன், துப்பறியும் கதை என்றால் இல்லை என்ற பிரிவினையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கதையின் வகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: எழுத்தாளர் பாத்திரத்தின் மனத்தை நமக்காகத் திறந்து வைத்துவிட்டாரா, அல்லது நாமே திறந்து பார்க்க விட்டாரா? “அவள் பொறாமையில் வெந்தாள்” என்று எழுதிவிட்டால் வாசகருக்கு அங்கே வேலை இல்லை. “தங்கையின் கடிதத்தை அவள் இரண்டு முறை படித்தாள், பிறகு அதில் இருந்த எழுத்துப் பிழைகளை எண்ணத் தொடங்கினாள்” என்று எழுதினால் வாசகரின் மனம் இயங்கியே தீர வேண்டும்.

அப்படிப்பட்ட கதைகளை இனம் காண மூன்று அடையாளங்கள் போதும். பாத்திரங்கள் நினைப்பதும் சொல்வதும் வேறு வேறாக இருக்கும். கதைசொல்லியையே முழுதாக நம்ப முடியாது. தன் பக்கத்து நியாயத்தை மட்டும் சொல்கிறான் என்று சில பக்கங்களில் நமக்கு உறைக்கும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் இரண்டு விதமாக நினைவுகூர்வார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் சிறுகதைகளே வசதி. ஒரே அமர்வில் முடிவதால் உங்கள் முதல் ஊகமும் கடைசி ஊகமும் நினைவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒரு நாவலுக்குப் போங்கள். ஒரு மனிதரோடு பல வாரங்கள் இருந்து, அவர் மாறுவதைப் பார்ப்பது சிறுகதையில் கிடைக்காத அனுபவம். உங்கள் வயது, பால், தொழில், மொழி ஆகியவற்றில் உங்களிலிருந்து வேறுபட்ட மனிதர்களைப் பற்றிய கதைகளையும், மொழிபெயர்ப்புகளையும் இடையிடையே சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மைப் போன்றவர்களின் மனத்தை ஊகிப்பதில் நாம் ஏற்கெனவே ஓரளவு தேறியவர்கள்.

ஒரு கதை உங்களை உள்ளே இழுக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி இல்லாமல் மூடி வையுங்கள். இது சோம்பேறித்தனத்துக்குக் கொடுக்கும் சலுகை அல்ல. நெதர்லாந்தில் மத்தைஸ் பால், மார்டைன் ஃபெல்ட்காம்ப் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், கதைக்குள் உணர்ச்சியோடு ஒன்றிப்போன வாசகர்களிடம் ஒரு வாரத்துக்குப் பிறகு ஒத்துணர்வு கூடியிருந்தது. ஒன்ற முடியாமல் படித்தவர்களிடம் அது குறைந்திருந்தது. பிறர் மெச்சும் நூல் என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பது இந்த நோக்கத்துக்கு உதவாது.

மூன்றாம் படி: முதல் வாசிப்பில் எதுவும் குறிக்காதீர்கள்

நான் பல ஆண்டுகள் இதைத் தலைகீழாகச் செய்துவந்தேன். கையில் பென்சில் இல்லாமல் ஒரு பக்கமும் புரட்ட மாட்டேன். கோடு போட்ட வரிகள் மிஞ்சின, மனிதர்கள் மிஞ்சவில்லை. முதல் வாசிப்பு கதைக்குள் இருப்பதற்கானது. கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, அரை மணி நேரமாவது தொடர்ச்சியாக அமருங்கள். வேகமாகப் படிக்கும் திறமை இங்கே தேவையில்லை.

நான்காம் படி: ஊகித்து, எழுதி, திருத்துங்கள்

மொத்தப் பயிற்சியின் உயிர் இதுதான். நேரம் குறைவாக இருந்தால் மற்ற படிகளைச் சுருக்கிக்கொண்டு இதை மட்டும் ஒழுங்காகச் செய்யுங்கள். இரண்டாம் வாசிப்பிலோ, இந்தப் பயிற்சிக்கென்றே எடுத்துக்கொண்ட ஒரு புதுக் கதையின் நடுவிலோ, பாத்திரத்தின் நடத்தை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். இதற்காகவே எழுதிய ஒரு காட்சியைப் பாருங்கள்.

மருத்துவமனை அறை ஒன்றில் தந்தை தூங்கிக்கொண்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்திருக்கும் தம்பி வாசலில் நிற்கிறான். அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏற்கெனவே மடித்து வைத்திருந்த போர்வையை விரித்து மறுபடி மடிக்கிறான். “வேலையெல்லாம் எப்படிப் போகிறது?” என்று போர்வையைப் பார்த்தபடியே கேட்கிறான். தம்பி பதில் சொல்லத் தொடங்கியதும், “மெல்லப் பேசு, அப்பா எழுந்துவிடுவார்” என்கிறான்.

இங்கே நிறுத்தி மூன்று வரிகள் எழுதுங்கள். அண்ணன் என்ன உணர்கிறான்? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? எவ்வளவு உறுதி? பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: “கோபம். மூன்று ஆண்டுகளாக வராத தம்பி மீது. முகம் கொடுக்கவில்லை, பேச்சை வெட்டுகிறான். நிச்சயம்.”

அடுத்த பக்கத்தில் தந்தை கண் விழிக்கிறார். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, “தினமும் ராத்திரி நீ போனில் என்னைப் பற்றி விசாரிப்பதை அண்ணன் சொல்லுவான்” என்கிறார். தம்பி ஒரு நாளும் அழைத்ததில்லை.

இப்போது மேலே எழுதிய மூன்று வரிகளுக்குத் திரும்புங்கள். போர்வையும் அந்தக் கேள்வியும் “மெல்லப் பேசு” என்பதும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றின் பொருள் மட்டும் மாறிவிட்டது. கோபம் என்று நாம் வாசித்தது அச்சமாக இருக்கலாம்: தந்தை எழுந்தால் தன் பொய் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சம். கோபமும் அச்சமும் சேர்ந்தே இருந்திருக்கலாம். அவன் பொய் சொன்னது தந்தையின் நிம்மதிக்காகவா, தம்பியின் பெயர் கெடாமல் இருக்கவா என்பது இன்னும் தெரியவில்லை. தெரியாது என்றே எழுதுங்கள்.

திருத்திய ஊகத்தை எழுதும்போது பழையதை அடிக்காதீர்கள், பக்கத்திலேயே எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் தவறுகளில் ஒரு சாயல் தெரியத் தொடங்கும். மௌனத்தை எப்போதும் அலட்சியம் என்றே வாசிக்கிறீர்களா? சிரித்துப் பேசுபவர்களை உடனே நம்பிவிடுகிறீர்களா? பெண் பாத்திரம் உரத்துப் பேசினால் ஒரு பொருளும் ஆண் பாத்திரம் உரத்துப் பேசினால் வேறு பொருளும் கொள்கிறீர்களா? வாழ்க்கையிலும் இதே சாயலோடுதான் நாம் மனிதர்களை வாசிக்கிறோம். ஆனால் அங்கே அடுத்த பக்கம் நமக்குக் காட்டப்படுவதில்லை. கதையில் நம் பிழை யாரையும் புண்படுத்தாமல் திருத்தப்படுகிறது. வேறு எந்தப் பள்ளியிலும் இவ்வளவு மலிவாகத் தவறு செய்ய இடம் கிடைப்பதில்லை.

மூன்றாவது வரியான “எவ்வளவு உறுதி?” என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதை விடக் கூடாது. ‘நிச்சயம்’ என்று எழுதிய இடங்களில் எத்தனை முறை கவிழ்ந்தீர்கள் என்பதுதான் இந்தக் குறிப்பேட்டின் மதிப்புமிக்க பகுதி.

ஐந்தாம் படி: உணர்ச்சிக்குச் சரியான சொல்லைத் தேடுங்கள்

‘கோபம்’, ‘சோகம்’, ‘சந்தோஷம்’ என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்பவருக்கு மனிதர்களும் மூன்று வகையாகத்தான் தெரிவார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்த விஷயத்தில் இன்றும் கைகொடுக்கக்கூடியது. நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காக அது வகுக்கிறது. அழுகைக்கு அது கூறும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. கண்ணீர் ஒன்றுதான் என்றாலும் இழவில் அழுபவருக்கு ஆறுதல் தேவை, இளிவில் அழுபவருக்கு மரியாதை தேவை. எதிலிருந்து பிறந்தது என்று அறியாமல் சொல்லும் ஆறுதல் சில நேரம் புண்ணைக் கிளறிவிடுகிறது.

குறிப்பேட்டில் உணர்ச்சியின் பெயரை எழுதியதும், “எதிலிருந்து?” என்ற கேள்வியையும் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். மருத்துவமனை அறையில் நிற்கும் தம்பியின் முகம் சிவந்தால் அது வெட்கமா, நன்றியா, தன்னைக் கேட்காமல் தன் பெயரில் பொய் சொன்னதால் வந்த சினமா? கூச்சம், ஆற்றாமை, ஏக்கம், மனக்குறை, புழுக்கம், நிம்மதி, சலிப்பு என்று நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை; கதை படிக்கும்போது அவற்றைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: உங்களுக்குப் பிடிக்காத பாத்திரத்தின் வாயால் சொல்லுங்கள்

காட்சி ஒன்றைத் தேர்ந்து, அதில் உங்களுக்கு எரிச்சலூட்டும் பாத்திரம் அதே நிகழ்ச்சியைத் தன்மை ஒருமையில் ஒரு நண்பரிடம் சொல்வது போல அரைப் பக்கம் எழுதுங்கள். நிபந்தனை ஒன்றே: அவர் தம்மைக் கெட்டவராகக் காட்டிக்கொள்ளக் கூடாது. யாரும் தம் கதையில் தாம் வில்லனாக இருப்பதில்லை. மூன்று ஆண்டுகள் வராத தம்பியை அப்படிப் பேசவிட்டுப் பாருங்கள். அவன் வராததற்கு நீங்கள் முதலில் கற்பித்த காரணம் எவ்வளவு மெலிந்தது என்று தெரியும்.

பழகிய பிறகு சிக்கலைக் கூட்டலாம். தந்தையின் பக்கம் சென்று பாருங்கள். அண்ணன் சொல்வது பொய் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தால்? அப்போது, தாம் நம்புவதாக அண்ணன் நம்ப வேண்டும் என்று தந்தை விரும்புகிறார். அந்த விருப்பத்தோடுதான் தம்பியின் கையைப் பிடித்து அந்த வாக்கியத்தைச் சொல்கிறார். ஒருவர் மனத்துக்குள் இன்னொருவர், அவர் மனத்துக்குள் மற்றொருவர் என்று அடுக்கிக்கொண்டு போகும் இந்தக் கணக்கு குடும்பப் பேச்சுகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் நாள்தோறும் நடப்பதுதான். அங்கே அதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுமை செய்யும் பாத்திரத்தின் காரணத்தை அறிந்த பின்னும் அது கொடுமையே. உங்களைத் துன்புறுத்துபவர் ஒருவர் வாழ்க்கையில் இருந்தால், அவருடைய கோணத்தைக் கற்பனை செய்வதைவிட அவரிடமிருந்து விலகி நிற்பதே முதல் வேலை.

ஏழாம் படி: ஒரே கதையைப் படித்த இன்னொருவருடன் பேசுங்கள்

தனியாகப் படிக்கும்போது நம் ஊகத்தைத் திருத்துபவர் எழுத்தாளர் ஒருவர் மட்டுமே. அவர் சொல்லாமல் விட்ட இடங்களில் நாம் நினைத்ததே சரி என்றாகிவிடும். இன்னொரு வாசகர் அங்கே வேண்டும். இத்தாலியில் லோரிஸ் வெஸ்ஸாலி குழுவினர் தொடக்கப்பள்ளி மாணவர்களைக் கொண்டு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஆதரவாக இருக்கிறது. சிறுவர்களிடையே புகழ்பெற்ற ஒரு மாயாஜால நாவலிலிருந்து பாரபட்சத்தைத் தொடும் பகுதிகளைச் சிறு குழுவாகப் படித்து, ஆறு வாரங்கள் பெரியவர் ஒருவருடன் கலந்து பேசினார்கள். குடியேறி வந்தவர்களைப் பற்றிய மனப்பான்மை சில சிறுவர்களிடம் மேம்பட்டது. கதையின் நாயகனோடு தம்மை இனம் கண்டவர்களிடம் மட்டும். கதையும் பேச்சும் ஒன்றுதலும் கூடிவந்த இடத்திலேயே மாற்றம் தெரிந்தது.

இருவர் போதும், நால்வருக்கு மேல் போனால் இருவர் பேசி மற்றவர்கள் கேட்பதாகிவிடும். கதை நன்றாக இருந்ததா என்ற கேள்வியில் தொடங்காதீர்கள். அது ரசனை பற்றிய வழக்காடலில் கொண்டுபோய் விடும். “அண்ணன் ஏன் போர்வையை மறுபடி மடித்தான்?” என்பது போன்ற சின்னக் கேள்வியில் தொடங்குங்கள். ஒருவர் ஒரு காரணம் சொன்னால், “எந்த வரியைப் படித்தபோது உங்களுக்கு அப்படித் தோன்றியது?” என்று கேளுங்கள். ஒருவர் கருத்தை மறுக்காமல் அதன் வேரை விசாரிப்பதற்கு இது தன்னளவிலேயே நல்ல பயிற்சி. மற்றவர் வாசிப்பு உங்களுடையதை விடச் சிறந்ததாகத் தோன்றினால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கதையைப் பற்றி “நான் தவறாக நினைத்துவிட்டேன்” என்று சொல்லப் பழகிய நாக்குக்கு வீட்டில் அதே வாக்கியம் அவ்வளவு கசக்காது.

வீட்டில் குழந்தைகளுக்குக் கதை படித்துக் காட்டுபவர்களும் இதையே செய்யலாம். கதையின் நீதி என்ன என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, “இப்போது அந்த நரி என்ன நினைத்துக்கொண்டிருக்கும்? கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியுமா?” என்று கேளுங்கள். தனக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதைக் குழந்தைகள் ஏறக்குறைய நான்கு, ஐந்து வயதில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது 1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் ஆகியோர் நடத்திய புகழ்பெற்ற சோதனையிலிருந்து தெரிந்த செய்தி. அந்த வயதில் இப்படிப்பட்ட கேள்விகள் அவர்களுக்கு விளையாட்டாகவே இருக்கும்.

எட்டாம் படி: வாழ்க்கையில் ஊகிப்பதோடு நிறுத்தாமல் கேளுங்கள்

நிறையப் படிப்பவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கதைகளில் மனம் அறிந்து பழகியவர், எதிரே இருக்கும் மனிதரையும் பாத்திரமாக்கிவிடுகிறார். “அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்” என்று தமக்குள் ஒரு சிறுகதையே எழுதி முடித்துவிடுகிறார். அது அழகான கதையாகவும் தவறான கதையாகவும் இருக்கிறது. நானும் இதில் அகப்பட்டவன்தான். ஒரு நண்பர் சில வாரங்கள் என் அழைப்புகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னதை வைத்து, மனத்தாங்கல் ஒன்றைக் கற்பித்து, அதற்கு நுட்பமான காரணங்களையும் அடுக்கி வைத்திருந்தேன். அவருக்குத் தொண்டை வலி.

2018இல் தல் ஏயல், மேரி ஸ்டெஃபெல், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 25 சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். பிறர் இடத்தில் தம்மை வைத்துக் கற்பனை செய்துபார்த்தவர்களின் கணிப்பு அதனால் துல்லியமாகிவிடவில்லை. நேரடியாகப் பேசிக் கேட்டறிந்தவர்களின் கணிப்பே துல்லியமானது. கதை வாசிப்புக்கு இது எதிரானது போலத் தோன்றும். என் பார்வையில், வாசிப்பை எங்கே நிறுத்திப் பேச்சை எங்கே தொடங்க வேண்டும் என்று இது காட்டுகிறது. ஒரே நடத்தைக்கு மூன்று நான்கு காரணங்கள் இருக்கலாம் என்று கதை நமக்குக் காட்டுகிறது; அவற்றில் எது உண்மை என்று சொல்லக்கூடியவர் எதிரே அமர்ந்திருப்பவர் மட்டுமே.

ஆகவே, ஒருவர் நடத்தை உங்களை உறுத்தினால், முதலில் மனத்துக்குள் குறைந்தது இரண்டு வெவ்வேறு காரணங்களைச் சொல்லிப் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது உங்களோடு சம்பந்தமில்லாததாக இருக்கட்டும். பிறகு கண்டதையும் கொண்ட பொருளையும் பிரித்துப் பேசுங்கள். “நீங்கள் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள்” என்பது தீர்ப்பு. அதைக் கேட்டவர் மறுப்பார், அல்லது அப்போதுதான் உண்மையில் கோபப்படுவார். “கூட்டத்தில் நான் பேசிய பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் பட்டது?” என்பது அவருக்கு இடம் கொடுக்கும் கேள்வி. வயதில் மூத்தவர்களிடமோ மேலதிகாரியிடமோ இப்படி நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், “நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ என்று தோன்றியது, அதனால் கேட்கிறேன்” என்று தொடங்கலாம். கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பதில் வர நேரமாகும். அந்த மௌனத்தை உங்கள் ஊகத்தால் நிரப்பாதீர்கள். வந்த பதில் நீங்கள் நினைத்ததிலிருந்து மாறுபட்டால், “அப்படியா, நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்” என்று சொல்லிவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள்

மனிதர்களைத் தவிர்ப்பதற்காகவே கதைக்குள் போவது சிலருக்கு வழக்கமாகிவிடலாம். படிக்கும் நேரம் கூடி, பேசும் நேரம் குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி திசை மாறிவிட்டது என்று பொருள். அதேபோல், பாத்திரங்களின் துயரம் நாள்கணக்கில் உங்களைக் கலங்கடித்தால் சிறிது காலம் இலகுவான கதைகளுக்கு மாறுங்கள். கலங்கிப்போனவரால் பிறரைக் கவனிக்க முடியாது. மனிதர்களைக் கண்டாலே நெஞ்சு படபடப்பது, பேச்சே எழாமல் போவது போன்ற நிலை நீடித்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பதுதான் முறை. நாவல் அதற்கு மருந்தாகாது.

எவ்வளவு காலம், எப்படி அளப்பது

வாரத்துக்கு ஒரு சிறுகதை, அதில் மூன்று ஊகங்கள், மாதத்துக்கு ஒருமுறை ஒரு நண்பருடன் பேச்சு என்ற அளவில் ஆறு மாதங்கள் செய்துபாருங்கள். இணையத்தில் கிடைக்கும் ஒத்துணர்வுச் சோதனைகளை வைத்து உங்களை மதிப்பிட வேண்டாம்; நாமே நம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைத்தான் அவற்றில் பல அளக்கின்றன. குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் வேறொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இந்த வாரம் ஒருவரைப் பற்றி முடிவு கட்டப் போய், நிறுத்தி, கேட்ட சந்தர்ப்பங்கள் எத்தனை, அவற்றில் வந்த பதில் உங்கள் ஊகத்தோடு பொருந்தாதவை எத்தனை. இரண்டாவது எண் தொடக்கத்தில் பெரிதாகவே இருக்கும். அது எப்போதும் சுழியாக இருந்தால் ஒன்றைச் சரிபாருங்கள்: நீங்கள் உண்மையில் கேட்கிறீர்களா, அல்லது உங்கள் விடையையே கேள்வி வடிவில் அவர்முன் வைத்துத் தலையசைக்கச் சொல்கிறீர்களா என்று. அப்படியானால் எட்டாம் படியை விட்டு நான்காம் படிக்குத் திரும்பி, ‘நிச்சயம்’ என்று நீங்கள் எழுதி வைத்த பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.